கண்டிப்பான பள்ளியா, விட்டுப்பிடிக்கும் பள்ளியா? கையெழுத்துப் போடுமுன் விதிக் கையேட்டைப் படித்துப் பாருங்கள்

பிள்ளையை உயர்நிலை வகுப்பில் சேர்க்கப் போகும் பெற்றோர் கட்டடத்தைப் பார்ப்பார்கள், ஆய்வகத்தைப் பார்ப்பார்கள், தேர்ச்சி விகிதத்தை நாலு பேரிடம் விசாரிப்பார்கள். படிவத்தோடு சேர்த்துக் கொடுக்கும் விதிக் கையேட்டை மட்டும் யாரும் புரட்டுவதில்லை. கடைசிப் பக்கத்தில் 'மேற்கண்ட விதிகளைப் படித்து ஏற்றுக்கொள்கிறோம்' என்ற வரிக்குக் கீழே மாணவரும் பெற்றோரும் ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். அந்தக் கையேடு மறுபடி வெளியே வருவது பிள்ளை ஏதாவது சிக்கலில் மாட்டிய பிறகுதான். அப்போது அது தலைமையாசிரியரின் மேசையில் விரித்து வைக்கப்பட்டிருக்கும், அவர் விரல் நம் கையெழுத்தின் மேல் இருக்கும்.

இரண்டு பள்ளிகளில் இடம் கிடைத்து எதில் சேர்ப்பது என்று யோசிப்பவர்களிடம் தெரிந்தவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒற்றை வரிதான். 'அங்கே ரொம்ப ஸ்ட்ரிக்ட்', 'இங்கே ரொம்ப ஃப்ரீ'. இதை வைத்து முடிவெடுக்க முடியாது. போன் விஷயத்தில் கறாராக இருக்கும் பள்ளி வீட்டுப்பாடத்தில் விட்டுக்கொடுக்கலாம். சீருடைப் பொத்தானுக்குக்கூடக் கணக்குக் கேட்கும் பள்ளியில் ஒரு மாணவன் மாதக்கணக்கில் கேலிக்கு ஆளாவதை யாரும் கண்டுகொள்ளாமல் போகலாம். அதனால் பள்ளியை மொத்தமாக எடைபோடாமல் விதி விதியாகப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். இதைத் தினமும் அமல்படுத்தும் வேலை யார் தலையில் விழுகிறது? மீறியவனுக்கு மறுநாள் காலை என்ன நடக்கிறது? முதல் கேள்விக்கான பதிலில் அந்த விதி ஆறு மாதம் தாங்குமா என்பது தெரிந்துவிடும். பிள்ளைக்கு அதனால் ஏதாவது பலன் உண்டா என்பது இரண்டாவது கேள்வியில் தெரியும்.

போன்: வாசலிலா, பையிலா, ஆசிரியர் இஷ்டமா

கையேடுகளில் இன்று அடிக்கடி மாறிக்கொண்டிருக்கும் பக்கம் இதுதான். உள்ளே நுழையும்போதே போனை வாங்கிப் பூட்டிவைத்து மாலையில் கொடுப்பது ஒரு வழி. 'கொண்டுவரலாம், ஆனால் அணைத்துப் பைக்குள் இருக்க வேண்டும்' என்பது இன்னொன்று. அந்தந்த ஆசிரியர் தன் வகுப்புக்கு ஏற்றபடி முடிவு செய்துகொள்ளட்டும் என்பது மூன்றாவது.

கடைசி வழி காதுக்கு இதமாக இருக்கும், நடப்பில்தான் கோளாறு. முதல் பீரியட் கணக்கு ஆசிரியர் போனைக் கண்டாலே வாங்கி வைத்துக்கொள்வார். அடுத்து வருபவர் இணையத்தில் ஒரு படம் தேட அவரே எடுக்கச் சொல்வார். மூன்றாமவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார். யார் வகுப்பில் எது செல்லும் என்பது ஒரே வாரத்தில் மாணவர்களுக்கு அத்துப்படி. கறாராக இருக்கும் ஆசிரியர் ஒருவர் மட்டும் பொல்லாதவர் ஆகிவிடுகிறார், அரையாண்டுக்குள் அவரும் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்.

பைக்குள் வைக்கும் விதி அதைவிடப் பரவாயில்லை. ஆனாலும் காவல் வேலை ஆசிரியருக்குத்தான். மேசைக்கு அடியில் ஒரு வெளிச்சம் தெரிகிறது. 'எடுத்துக் கொடு' என்கிறார். 'டைம்தான் சார் பார்த்தேன்' என்கிறான். 'கொடு.' 'அம்மாதான் சார் மெசேஜ் போட்டிருக்காங்க.' இதற்குள் நாற்பது தலைகள் திரும்பிவிட்டன, கரும்பலகையில் சமன்பாடு பாதியில் நிற்கிறது. கவனம் சிதறிய மாணவர் மறுபடி பாடத்துக்குள் வர 20 நிமிடம் வரை ஆகலாம் என்று யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு உலகக் கல்வி அறிக்கை குறிப்பிட்டது. பைக்குள் வைக்கும் விதி போதாது என்பதைத்தான் பிரான்சில் நடந்ததும் காட்டுகிறது. ஏறத்தாழ 15 வயது வரையுள்ள மாணவர்கள் பள்ளிக்குள் போன் பயன்படுத்தக் கூடாது என்று 2018லேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. போன் பையிலேயேதான் இருந்தது. வந்ததும் ஒப்படைத்துவிடும் முறையை 2024ல் ஏறத்தாழ 200 பள்ளிகளில் சோதனையாகத் தொடங்க வேண்டி வந்தது.

எனவே என் ஓட்டு வாசலில் வாங்கி வைக்கும் முறைக்குத்தான். அந்தச் சச்சரவு வகுப்பறையை விட்டே வெளியே போய்விடுகிறது. ஆனால் இதனால் என்ன கிடைக்கும் என்பதில் பள்ளிகள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் 2015ல் வெளியிட்ட ஆய்வு, இங்கிலாந்தின் நான்கு நகரங்களில் 91 பள்ளிகளைப் பார்த்தது. போனைத் தடை செய்த பிறகு மதிப்பெண் கூடியது. அந்த லாபத்தில் பெரும்பங்கு படிப்பில் பின்தங்கியவர்களுக்கு. நன்றாகப் படிப்பவர்களுக்குத் தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஸ்வீடனில் இதே கேள்வியை ஆராய்ந்து 2020ல் வெளியிட்டவர்களுக்கு எந்த வித்தியாசமும் தென்படவில்லை. மனநலத்துக்கு நல்லது என்று சொல்கிறார்களே என்றால், பர்மிங்காம் பல்கலைக்கழகம் 2025ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். 30 பள்ளிகளில் 1,227 மாணவர்கள். கட்டுப்பாடு உள்ள பள்ளி மாணவர்களின் மனநலமும் இல்லாத பள்ளி மாணவர்களின் மனநலமும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருந்தன. பள்ளியில் தவிர்த்த நேரம் நாள் முழுவதற்குமான கணக்கைப் பெரிதாகக் குறைக்கவில்லை. நாள் முழுக்க அதிகம் போன் பார்ப்பவர்களின் நிலைதான் மோசம். வீட்டில் இரவு 12 மணி வரை போன் கையில் இருந்தால் பள்ளி வாசலில் வாங்கி வைத்து என்ன ஆகப்போகிறது? பள்ளியின் தடை பாடத்துக்கு உதவும், அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியவை மூன்று. வாங்கி வைத்த போன் தொலைந்தால் யார் பொறுப்பு? டைப் 1 நீரிழிவு உள்ள பிள்ளையின் சர்க்கரை அளவு போனுக்குத்தான் வருகிறது என்றால் விலக்கு உண்டா, அதை யார் எழுதித் தருவார்? ஒளித்து வைத்துப் பிடிபட்டால் எத்தனை நாள் கழித்துத் திருப்பித் தருவார்கள்? கடைசிக் கேள்வியில் நாள் கூடக் கூட விதி பலவீனமாகிறது. 'பருவத் தேர்வு முடியும்வரை தரமாட்டோம்' என்று எழுதிய பள்ளியில் நல்ல மனசுள்ள ஆசிரியர் போனைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு பிள்ளையின் மூன்று மாதத்தை வீணடிக்க யாருக்கு மனசு வரும்? அன்று மாலையே பெற்றோரை வரவழைத்துக் கொடுத்தனுப்பும் பள்ளியில் தயக்கமே இல்லாமல் வாங்கி வைப்பார்கள்.

நமக்கும் ஒரு விதி வேண்டும். பள்ளி நேரத்தில் பிள்ளைக்கு மெசேஜ் அனுப்புபவர்களில் நாமும் உண்டு. அவசரமென்றால் அலுவலக எண்ணுக்கு அழைப்பது என்று முடிவு செய்துகொள்ளாதவர்கள் பள்ளியின் போன் விதியைக் குறைசொல்ல முடியாது.

தாமதமும் வருகையும்

தாமதமாக வருபவர்களுக்கு அபராதம், கதவைச் சாத்துவது, முதல் பீரியடுக்கு வராதவராகக் குறிப்பது, மாலையில் அந்த நேரத்தை ஈடுகட்ட வைப்பது என்று பள்ளிக்கொரு வழக்கம். இவற்றில் அபராதத்தை நான் கடைசியில் வைப்பேன். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 குழந்தைகள் காப்பகங்களில் நடந்த சோதனையின் முடிவு 2000ல் வெளியானது. பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு ஆறு காப்பகங்களில் அபராதம் போட்டுப் பார்த்தார்கள். தாமதம் குறைவதற்குப் பதில் ஏறத்தாழ இருமடங்காகக் கூடியது. அதுவரை 'ஆசிரியை காத்திருப்பாரே' என்று சங்கடப்பட்டவர்கள், காசு கொடுத்தாயிற்று என்று நிம்மதியாக வரத் தொடங்கினார்கள். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய சங்கடம் திரும்பவில்லை. உயர்நிலைப் பள்ளியில் அபராதம் கட்டப்போவது மாணவர்கூட இல்லை, பெற்றோர். வசதியுள்ள வீட்டில் அது ஒரு பொருட்டே இல்லை. இல்லாத வீட்டில் பிள்ளை அன்று பள்ளிக்கே போகாமல் இருந்துவிடும்.

கதவைச் சாத்துவது இன்னும் மோசம். பத்து நிமிடம் தாமதித்தவனுக்கு முழுநாள் பாடத்தைப் பறிப்பதில் என்ன கணக்கு இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. போதாததற்கு, அந்த வயதுப் பிள்ளை நடுத்தெருவில் நிற்கிறது, நமக்குத் தகவலும் இல்லை. மாலையில் நேரத்தை ஈடுகட்ட வைக்கும் பள்ளி நல்லது, உடன் உட்கார ஒரு ஆசிரியரை ஒதுக்கியிருந்தால்.

விதியைப் பார்க்கும் அதே நேரத்தில் முதல் மணி எப்போது அடிக்கிறது என்றும் பாருங்கள். பருவ வயதில் உடலின் தூக்கக் கடிகாரம் இரண்டு மணி நேரம் வரை பின்னுக்குத் தள்ளிப்போகிறது. இரவு 11க்கு முன் தூக்கம் வராதது பல பிள்ளைகளுக்குச் சோம்பேறித்தனம் அல்ல, உடல்வாகு. இந்த வயதினருக்குப் பள்ளி காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014ல் பரிந்துரைத்தது. கலிபோர்னியா இதை உயர்நிலைப் பள்ளிகளுக்குச் சட்டமாக்கி 2022 ஜூலையில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சியாட்டில் நகரம் 2016ல் 7.50ஐ 8.45 ஆக்கியபோது மாணவர்களின் தூக்கம் 34 நிமிடம் கூடியதாக அளந்தார்கள். வசதி குறைந்த பிள்ளைகள் அதிகம் படித்த ஒரு பள்ளியில் தாமதமும் விடுப்பும் குறைந்தன. ஒரு பள்ளி 7.30க்குத் தொடங்குகிறது, தாமதத்துக்குக் கடும் தண்டனையும் தருகிறது என்றால், அது தானே உண்டாக்கிய பிரச்சினைக்குப் பிள்ளையைத் தண்டிக்கிறது.

விடுப்பைப் பொறுத்தவரை பள்ளியைவிட வீட்டில்தான் கணக்கு தவறுகிறது. பள்ளி நாட்களில் 10 சதவீதத்தை எட்டினால் அதைத் தொடர் வராமை என்று பல நாடுகளில் வகைப்படுத்துகிறார்கள். 180 நாள் பள்ளி என்றால் 18 நாள், மாதத்துக்கு இரண்டே நாள். இப்படி நாலைந்து மாதம் போனாலும் 'எங்க பையன் லீவே போடமாட்டான்' என்றுதான் நாம் சொல்லிக்கொண்டிருப்போம். பிலடெல்பியாவில் 28,000க்கும் மேற்பட்ட குடும்பங்களை வைத்து நடந்த சோதனை 2018ல் வெளியானது. பிள்ளை இதுவரை எத்தனை நாள் வரவில்லை என்ற எண்ணிக்கையை மட்டும் அவ்வப்போது கடிதமாக அனுப்பினார்கள். திட்டவில்லை, மிரட்டவில்லை. தொடர் வராமை 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தது. 75 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது என்று ஆண்டுக் கடைசியில் அதிர்ச்சி தரும் பள்ளியும், மாதாமாதம் எண்ணிக்கை அனுப்பும் பள்ளியும் இருந்தால், இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க இது ஒன்றே போதும்.

சீருடை, முடிவெட்டு பற்றிய பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடலாம். அவை மதிப்பெண்ணை உயர்த்துவதாக உறுதியான சான்று இல்லை. ஒரே ஒரு விஷயம் பார்த்தால் போதும். தவறான காலணியோடு வந்த பிள்ளையை வகுப்பில் உட்கார வைத்துவிட்டு வீட்டுக்குத் தகவல் சொல்கிறார்களா, அல்லது வெளியே நிற்க வைக்கிறார்களா?

தாமதமான வீட்டுப்பாடம்: பூஜ்யமா, கழிவா, மன்னிப்பா

இதில் வெறும் கூட்டல் வகுத்தலே பாதி பதிலைத் தந்துவிடும். ஒரு மாணவி நான்கு வேலைகளில் 80 வாங்குகிறாள், ஐந்தாவதைக் கொடுக்கவில்லை. பூஜ்யம் போட்டால் சராசரி 64. கொடுக்காததற்கு 50 போடுவது என்று சில பள்ளிகளில் விதி உண்டு, அப்படியானால் 74. நாளுக்கு 10 கழித்து இரண்டு நாளில் வாங்கிக்கொண்டால் அந்த ஐந்தாவது 60, சராசரி 76. பாடம் எவ்வளவு புரிந்தது என்பதில் மூன்று கணக்கிலும் அவள் ஒரே ஆள்தான்.

பூஜ்யம் போடும் பள்ளி 'நேரம் தவறாமை பழகட்டும்' என்கிறது. அதில் நியாயம் உண்டு. ஆனால் பூஜ்யம் விழுந்த நிமிடமே அந்த வேலையைச் செய்ய வேண்டிய தேவை முடிந்துவிடுகிறது. இரண்டு பூஜ்யம் சேர்ந்தால் பருவம் முழுவதும் கைநழுவிப் போனதாகவே பிள்ளை நினைத்துவிடும், மீதி வேலையையும் கைவிட்டுவிடும். கடைசி நாளே இல்லை, எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பது அடுத்த கோடி. அதில் பருவக் கடைசி வாரத்தில் பிள்ளைகள் மூன்று மாத வேலையை ஒரே மூச்சில் முடித்துத் தள்ளுகிறார்கள். ஆசிரியர் 200 தாள்களை இரண்டு இரவில் திருத்துகிறார். அந்தத் திருத்தத்தால் யாருக்கும் எதுவும் தெரியவரப் போவதில்லை.

நாளுக்கு இவ்வளவு என்று சிறிதாகக் கழித்து, ஒரு வாரத்துக்குப் பிறகு வாங்குவதை நிறுத்தி, அன்று மாலையே பிள்ளையை உட்கார வைத்து முடிக்கச் செய்யும் பள்ளியைத்தான் நான் எடுப்பேன். பார்க்கப் போனால் மூன்றிலும் கண்டிப்பானது இதுதான். பூஜ்யத்தோடு தப்பித்துப் போக முடியாது, வேலையைச் செய்துதான் ஆக வேண்டும்.

எவ்வளவு வீட்டுப்பாடம் தருகிறார்கள் என்பதும் கேட்க வேண்டியதே. 15 வயதினரை வைத்து 2012ல் நடந்த பீசா என்ற பன்னாட்டு ஆய்வில் பல நாடுகளின் சராசரி வாரத்துக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் இருந்தது. வாரத்துக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் பள்ளிகள் கூட்டிக்கொண்டே போனதால் ஒட்டுமொத்தத் தேர்ச்சியில் பெரிதாக எதுவும் மாறவில்லை. தினமும் மூன்று மணி நேரம் தருவதைப் பெருமையாகச் சொல்லும் பள்ளியிடம் மயங்க வேண்டாம்.

சண்டை வந்தால்

கையேட்டில் அதிக நேரம் செலவிட வேண்டிய பக்கம் இது. இங்கேதான் பள்ளிக்குப் பள்ளி மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

ஒன்று, சகிப்பே இல்லாத முறை. 'எந்தக் காரணமாக இருந்தாலும் கைகலப்பில் ஈடுபட்டவர் இடைநீக்கம்.' மற்றொன்று, படிப்படியான முறை. எச்சரிக்கை, பெற்றோருக்குத் தகவல், மாலையில் பள்ளியிலேயே உட்கார வைப்பது, சில நாள் இடைநீக்கம் என்று ஏறிக்கொண்டே போகும். மூன்றாவது, சமரச முறை. தீங்கு செய்தவரையும் பாதிக்கப்பட்டவரையும் உட்கார வைத்துப் பேசி, நடந்த தீங்கை எப்படிச் சரிசெய்வது என்று முடிவு செய்வது.

இடைவேளையில் ஒருவன் இன்னொருவனைத் தொடர்ந்து பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான், மூன்றாம் நாள் இரண்டாமவன் பிடித்துத் தள்ளிவிடுகிறான், முதலாமவனுக்குக் கையில் சிராய்ப்பு. சகிப்பில்லாப் பள்ளியில் தள்ளியவனுக்கு ஐந்து நாள் இடைநீக்கம். பட்டப்பெயர் வைத்தவனின் பெயர் பதிவேட்டிலேயே ஏறாது, ஏனென்றால் அவன் கையை ஓங்கவில்லை. திருப்பி ஒரு அடி கொடுத்திருந்தால் இருவருக்கும் ஐந்து நாள், யார் தொடங்கினார்கள் என்ற கேள்விக்கே இடமில்லை. படிப்படியான பள்ளியில் இருவரையும் தனித்தனியாக விசாரித்து எழுதிக்கொள்வார்கள். தள்ளியவனுக்கு ஒரு நாள், மற்றவன் வீட்டுக்கு ஒரு அழைப்பு. சமரசப் பள்ளியில் பட்டப்பெயர் விவகாரம் வெளியே வர நல்ல வாய்ப்பு உண்டு, பேச வைக்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருந்தால்.

சகிப்பில்லா முறை எங்கிருந்து பரவியது என்றும் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் 1994ல் வந்த சட்டம், பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவந்தால் ஓராண்டு வெளியேற்றம் என்றது. துப்பாக்கிக்குப் போட்ட கடுமையைப் பள்ளிகள் மெல்ல மெல்ல எதிர்த்துப் பேசுவதற்கும் வகுப்பைக் கட் அடிப்பதற்கும் நீட்டிக்கொண்டன. அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு 2008ல் இதை ஆராய்ந்து, பள்ளிகள் இதனால் பாதுகாப்பானவை ஆனதற்குச் சான்று இல்லை என்று முடித்தது. டெக்சாசில் ஏறத்தாழ பத்து லட்சம் மாணவர்களின் பதிவேடுகளைத் தொடர்ந்து பார்த்த அறிக்கை 2011ல் வந்தது. 7ஆம் வகுப்புக்கும் 12ஆம் வகுப்புக்கும் இடையே ஒருமுறையாவது வகுப்பை விட்டு நீக்கப்பட்டவர்கள் கிட்டத்தட்ட 60 சதவீதம். அந்த நடவடிக்கைகளில் சட்டம் கட்டாயமாக்கியவை வெறும் 3 சதவீதம். மீதி எல்லாம் பள்ளிகள் தாமாக எடுத்த முடிவு. கையேட்டின் வாசகம் எவ்வளவு கனமானது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

அப்படியானால் சமரசம்தானா? அதிலும் அவசரப்பட வேண்டாம். பிட்ஸ்பர்க் நகரில் 44 பள்ளிகளில் ரேண்ட் ஆய்வு நிறுவனம் இரண்டு கல்வியாண்டுகள் நடத்திய சோதனையில், சமரச முறையைப் பயன்படுத்திய பள்ளிகளில் இடைநீக்க நாட்கள் குறைந்தன, பள்ளிச் சூழல் மேம்பட்டதாக ஆசிரியர்கள் சொன்னார்கள். ஆனால் 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களின் படிப்பு அதே பள்ளிகளில் சரிந்தது. முறையாகச் செய்தால் ஒரு விவகாரத்துக்கு ஒரு பீரியட், இரண்டு பீரியட் பிடிக்கும். நேரமும் பயிற்சியும் தராமல் கையேட்டில் மட்டும் 'சமரசம்' என்று அச்சிட்ட பள்ளியில் அது 'சாரி சொல்லு, கை குலுக்கு, வகுப்புக்குப் போ' என்று ஆகிவிடும். அடிவாங்கிய பிள்ளைக்கு அதைவிடக் கொடுமை கிடையாது. தன்னை அடித்தவனுக்கு எதுவும் ஆகவில்லை என்பதோடு, தானும் அவனோடு கைகுலுக்க வேண்டியிருக்கிறது.

என் தேர்வு படிப்படியான முறை, அடிதடிக்கும் தொடர் துன்புறுத்தலுக்கும் குறுகிய இடைநீக்கம் உண்டு, திரும்பி வரும் நாளில் சமரசப் பேச்சு உண்டு என்ற வடிவில். கையேட்டில் நான் தேடும் வரிகள் இவை: முடிவெடுக்கும் முன் மாணவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு உண்டா, பெற்றோருக்குக் காரணம் எழுத்தில் வருமா, இடைநீக்க நாட்களின் பாடம் வீட்டுக்கு வருமா, வகுப்பாசிரியருக்கு மேலே முறையிட ஒருவர் இருக்கிறாரா. குழந்தைகளின் உரிமைக்கான 1989ஆம் ஆண்டு ஐநா உடன்படிக்கையின் 28ஆவது பிரிவு, பள்ளி ஒழுங்கு குழந்தையின் கண்ணியத்துக்கு ஏற்ற விதத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அடிக்கும் வழக்கம் உள்ள பள்ளி இதைக் கையேட்டில் எழுதாது. அங்கே படிக்கும் பிள்ளைகளைத்தான் கேட்க வேண்டும், கேட்டுத் தெரிந்ததும் பட்டியலிலிருந்து அந்தப் பெயரை அடித்துவிடலாம்.

பெற்றோரிடம் எதிர்பார்ப்பவை

சில பள்ளிகள் ஆப்பில் எல்லாவற்றையும் உடனுக்குடன் கொட்டும். அலுவலகத்தில் வேலையாக இருக்கும்போது காலை 11 மணிக்கு, 'உங்கள் பிள்ளை இன்றைய டெஸ்டில் 20க்கு 7' என்று வரும். பிள்ளைக்கே அந்த மார்க் இன்னும் தெரிந்திருக்காது. மாலையில் செருப்பைக் கழற்றும் முன்பே விசாரணை தொடங்கிவிடும். வேறு சில பள்ளிகள் வாரம் ஒரு சுருக்கம் அனுப்பும்: கொடுக்காத வேலைகள், வராத பீரியடுகள், அடுத்த வாரத் தேர்வு. இன்னும் சில, பிரச்சினை முற்றிய பிறகே கூப்பிடும்.

வாரச் சுருக்கத்துக்கு நல்ல சான்று இருக்கிறது. மேற்கு வர்ஜீனியாவில் 22 பள்ளிகளில் விடுபட்ட வேலை, குறைந்த மார்க், வராத வகுப்பு பற்றிப் பெற்றோருக்குத் தானாகச் செய்தி போகும்படி செய்தபோது, பாடத்தில் தோல்வியடைவது 28 சதவீதம் குறைந்தது. ஆப்பில் போட்டிருக்கிறோம், பெற்றோர் பார்த்துக்கொள்ளலாம் என்பது இதற்கு ஈடாகாது. வாஷிங்டன் நகரில் இப்படியொரு சேவையை விருப்பமுள்ளவர்கள் இணையதளத்தில் பதிந்துகொள்ளச் சொன்னபோது சேர்ந்தவர்கள் ஒரு சதவீதம் அளவுதான். எல்லோரையும் தானாகச் சேர்த்துவிட்டு, வேண்டாதவர் விலகலாம் என்றபோது 95 சதவீதத்துக்கு மேல் நிலைத்தார்கள். எனவே ஆப் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். செய்தி தானாக வருமா என்று கேளுங்கள்.

தினமும் வீட்டுப்பாடத்தைப் பெற்றோர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்ற விதியை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். நடுநிலை வகுப்பு மாணவர்களைப் பற்றிய 50 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2009ல் வெளிவந்த அலசலில், பெற்றோர் வீட்டுப்பாடத்துக்கு உதவுவது நல்ல தேர்ச்சியோடு சேர்ந்து வரவில்லை, எதிர்மாறாகவே இருந்தது. படிப்பில் தடுமாறும் பிள்ளைக்குத்தானே அதிகம் உதவுவோம், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். படிப்பு எதற்கு, பிள்ளை என்னவாக நினைக்கிறது, அதற்கு எப்படித் திட்டமிடுவது என்று வீட்டில் பேசுவதுதான் தேர்ச்சியோடு வலுவாகச் சேர்ந்து வந்தது. 14, 15 வயதுப் பிள்ளையின் கணக்கு நோட்டில் இரவு பத்து மணிக்குக் கையெழுத்துப் போடும் பெற்றோர், அந்தப் பிள்ளையோடு பேச வேண்டிய நேரத்தைத்தான் செலவழிக்கிறார்.

ஏஐ பற்றிய பக்கம் பல கையேடுகளில் இன்னும் இல்லை, அல்லது 'பயன்படுத்தினால் பூஜ்யம்' என்ற ஒற்றை வரி. அந்த வரியை அமல்படுத்த அவர்கள் நம்புவது ஏஐ எழுதியதைக் கண்டறியும் மென்பொருளை என்றால் யோசியுங்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே இப்படிக் கண்டறியும் தன் கருவியைத் துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் அதே ஆண்டில் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியதாகக் குறிக்கப்பட்டன. சந்தேகம் வந்தால் பிள்ளையைக் கூப்பிட்டு, எழுதியதை வாய்மொழியாக விளக்கச் சொல்லும் பள்ளி இருந்தால் அங்கே நம்பிச் சேர்க்கலாம்.

எல்லா விதியும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே எடை அல்ல. கவனம் சட்டென்று சிதறும் பிள்ளைக்குப் போன் விதியும் வாரச் செய்தியும் முதலில் வர வேண்டும். பயந்த சுபாவமுள்ள பிள்ளைக்குச் சண்டைப் பக்கம். காலையில் தொலைவிலிருந்து வரும் பிள்ளைக்கு முதல் மணி. ஏற்கெனவே ஒரு பள்ளியில் நண்பர்களோடு ஒட்டிப்போன பிள்ளையை, போன் விதி பிடிக்கவில்லை, வீட்டுப்பாடம் பிடிக்கவில்லை என்று வேறு பள்ளிக்கு மாற்றுவது வீண் வேலை. அவற்றைப் பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் பேசியே மாற்றலாம், நாலு பெற்றோர் சேர்ந்து கேட்டால் பள்ளிகள் இறங்கி வருவதும் உண்டு. பிள்ளை தன் பக்கத்தைச் சொல்ல இடமே தராமல் தண்டிக்கும் பள்ளி என்று தெரிந்தால் மட்டும், ஆண்டு நடுவில் இருந்தாலும் நான் மாற்றிவிடுவேன்.